முதலில் குடியேற வேண்டியவர்கள்

புது மீன் தொட்டி வந்த வீடுகளில் அடிக்கடி நடக்கும் மர்மக் கதை இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி வருகிறது. சாயங்காலமே பத்துப் பன்னிரண்டு மீன்களும் வந்துவிடுகின்றன. இரண்டு நாள் வீடே தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐந்தாம் நாள் ஒன்று மிதக்கிறது, ஆறாம் நாள் மூன்று. “கடைக்காரன் நோய் மீனைத் தலையில கட்டிட்டான்” என்கிறார் தாத்தா. பக்கத்து வீட்டுக் குட்டிப்பயல் ஒரு கை தீனியைக் கொட்டியதை அம்மா பார்த்திருக்கிறார். அவருக்கு அவன்மேல் சந்தேகம். தண்ணீரைப் பார்த்தாலோ, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அவ்வளவு தெளிவு.

அம்மாவின் சந்தேகம் பாதி சரி. குற்றவாளி அந்தத் தெளிந்த தண்ணீருக்குள்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, இவ்வளவு குறைந்த அளவில் மூக்குக்கும் எட்டாது. அதன் பெயர் அம்மோனியா.

மீன் தின்னும் தீனியில் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமான நைட்ரஜனை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறோம். மீன் அந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை. அம்மோனியாவாகவே, பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியே விட்டுவிடுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது ஏராளமான தண்ணீரில் கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. சென்டிமீட்டரில் சுமாராக 60, 30, 30. மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். மேலே கொஞ்சம் இடம் விட்டு, அடியில் கல்லும் போட்டால் உண்மையில் 45 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். இதில் ஒரு கிராம் தீனி போடுகிறோம். அதில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதி அம்மோனியாவாக வெளியே வந்தால் 32 மில்லிகிராம்; லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிகிராம்.

இது அதிகமா, குறைவா? அதைச் சொல்ல இன்னொரு எண் வேண்டும்: உங்கள் வீட்டுத் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனுக்கு அதிகக் கெடுதல் இல்லை. மற்றது கரைந்த வாயுவாக இருக்கும் அம்மோனியா. இதுதான் செவுளை அரிக்கும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பி.எச்.தான் முடிவு செய்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஆறு, ஏழு. ஏறக்குறைய பத்து மடங்கு! நாம் சொன்ன 0.7 மில்லிகிராமில் இப்போது நஞ்சு மட்டும் 0.05-ஐ நெருங்கிவிட்டது. செவுளுக்குக் கேடு தொடங்க அந்த அளவே போதும். ஒரே ஒரு கிராம் தீனி. குட்டிப்பயல் கொட்டியது எத்தனை கிராமோ?

சரி, அப்படியானால் பழைய தொட்டிகளில் மீன்கள் எப்படி வருஷக்கணக்கில் வாழ்கின்றன? அங்கேயும் இதே தீனிதானே போடுகிறார்கள்?

அங்கே அம்மோனியாவைத் தின்பதற்கு ஆள் இருக்கிறது.

செர்கே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890-ஆம் ஆண்டு வாக்கில் மண்ணிலிருந்து சில விசித்திரமான பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுக்குச் சர்க்கரை வேண்டாம், மாவு வேண்டாம், வெயிலும் வேண்டாம். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் ஆற்றலை வைத்தே வாழ்ந்தன. உடம்பு வளர்க்கத் தேவையான கார்பனைக் கார்பன் டை ஆக்சைடிலிருந்து எடுத்துக்கொண்டன. தொட்டியில் நடப்பதும் இதுதான். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் கொஞ்சம் கூடினாலும் மீன் தாங்கும்.

இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர்தான் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 1998-இல் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்து பார்த்தபோது அங்கே அந்த வேலையில் இருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு கூட்டம். அதோடு கதை முடியவில்லை. 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிப்பதைக் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது அகப்பட்ட இடம், மீன் வளர்க்கும் நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி. நூறு வருஷத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு உயிர், மீன்காரர்கள் தினமும் தொட்ட இடத்தில் இருந்திருக்கிறது!

பாக்டீரியாக்களான இவர்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பவர்கள் அல்லர். கல்லில், கண்ணாடியில், முக்கியமாக ஃபில்டர் ஸ்பாஞ்சின் ஓட்டைகளில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்வார்கள். ஏர் பம்ப் விடும் குமிழிகள் மேலே ஏறும்போது ஸ்பாஞ்சின் வழியாகத் தண்ணீரை இழுக்கும். சாப்பாடும் ஆக்சிஜனும் இவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்துசேரும். ஒரே குறை, மெதுவாகப் பெருகுவார்கள். சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இவர்களுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி தயாராக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது. மீனை வாங்குவதற்கு முன்னால் வளர்க்க வேண்டியது இவர்களைத்தான்.

மீன் இல்லாமலே இவர்களை வளர்க்கலாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். மீன் கடைகளில் தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொல்லியிருக்கும் அளவு சொட்டு விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பலரும் வாங்கும் ஒரு வகையில் அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைட்ரைட் இல்லாவிட்டால் வானநீலம், இருந்தால் ஊதா. முதல் வாரம் மஞ்சள் பச்சையாகும். பிறகு பச்சை வெளுக்கத் தொடங்கும்போது நீலம் ஊதாவாகும். அந்த ஊதா லேசில் போகாது, வாரக்கணக்கில் நிற்கும். பொறுமை இழப்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் இழப்பார்கள். ஒரு நாள் இரண்டும் பழையபடி மஞ்சளும் நீலமுமாகத் திரும்பி, நைட்ரேட் குழாய் மட்டும் ஆரஞ்சாக நிற்கும். அன்றைக்குத் தொட்டி தயார். வாரம் ஒரு முறை சோதித்து, நோட்டில் அந்த நிறத்தையே கலர் பென்சிலால் தீட்டி வையுங்கள். எண்ணாக எழுதுவதைவிட இதில் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

அவசரக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். பாலுக்கு உறை மோர் ஊற்றுவதைப் போலத்தான். ஆறு வாரம் ஓரிரு வாரமாகச் சுருங்கலாம். ஆனால் அந்த ஸ்பாஞ்ச் வழியில் காயக்கூடாது. அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துப் பிழியவும் கூடாது. குழாய் நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே போடுவது, நல்லது கெட்டது என்று அது பார்க்காது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும். கரண்ட் போய்ப் பல மணி நேரம் ஃபில்டர் நின்றாலும் ஆக்சிஜன் கிடைக்காமல் இவர்கள் சாகத் தொடங்குவார்கள்.

மீன் கடைகளில் “கல்லுப்பு கொஞ்சம் போடு, சரியாயிடும்” என்று சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். ரத்தம் பழுப்பாகும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். உப்பிலுள்ள குளோரைடும் செவுளில் அதே வழியாகத்தான் நுழைகிறது. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் உப்பு நைட்ரைட்டுக்கு ஒரு தற்காலிகத் தடை. அம்மோனியாவை அது ஒன்றும் செய்யாது.

தொட்டியில் உயிர்களைச் சமநிலையில் வைக்கலாம் என்று எண்ணியவர்களில் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் முக்கியமானவர். 1850-இல் அவர் தம் சோதனையை அறிக்கையாக வெளியிட்டார். சுமார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம். நம் 54 லிட்டர் தொட்டியின் அளவேதான்! அதில் இரண்டு சின்னத் தங்கமீன்கள், ஒரு வாலிஸ்நேரியா செடி. செடி ஆக்சிஜன் தரும், மீன் விடும் கார்பன் டை ஆக்சைடைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் நத்தைகளை விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்று தீர்த்தன. அவர் பாத்திரத்திலும் நம் பாக்டீரியாக்கள் வேலை செய்திருக்க வேண்டும். வினோகிராட்ஸ்கி பிறக்கவே அப்போது ஆறு வருஷம் இருந்தது. நீங்களும் இரண்டு கொத்து வாலிஸ்நேரியா நடுங்கள். செடிகள் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் உரமாக எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் செடி இதில் எதையும் செய்யாது, தூசிதான் பிடிக்கும்.

இனி மீன். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் போகலாம். தெருத் தெருவாக வண்ணமீன் கடைகள். அங்கே ஏதாவது ஒரு கடையில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

“அண்ணா, இந்தக் கோல்டு ஃபிஷ் நாலு போடுங்க.”

“தொட்டி என்ன சைஸ் தம்பி?”

“ரெண்டடி.”

“செட் பண்ணி எவ்ளோ நாளாச்சு?”

“காலையிலதான் அண்ணா.”

நல்ல கடைக்காரர் என்றால் இந்த இடத்தில் வலையைக் கீழே வைத்துவிடுவார். கோல்டு ஃபிஷ் கடையில் கட்டைவிரல் நீளம் இருக்கும். நன்றாக வளர்த்தால் 20 சென்டிமீட்டர் போகும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும், சாப்பாட்டு ராமன் வேறு. ஓர் அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அது சின்ன மீனுக்கு மட்டுமே பொருந்தும். 2.5 சென்டிமீட்டர் மீனும் அதே வடிவமுள்ள 10 சென்டிமீட்டர் மீனும் நீளத்தில்தான் நான்கு மடங்கு வித்தியாசம். அகலம், உயரம் எல்லாம் நான்கு மடங்கு என்பதால் உடம்பு 64 மடங்கு! கழிவை உண்டாக்குவது நீளம் அல்ல, உடம்பு.

“கிளீனர்” என்று ஒரு கறுப்பு மீனையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது மற்ற மீன்களின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது வெறும் பேச்சு. கண்ணாடியில் படியும் பாசியைத்தான் அது சுரண்டும், தன் பங்குக்கு நிறையக் கழிவும் போடும். தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி அது. 40 சென்டிமீட்டர்வரை வளரும். வளர்ந்ததும் பயந்துபோய் ஏரியில் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. அதன் முள்ளும் கெட்டித்தோலும் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், குளத்தில் விடாதீர்கள்.

ஃபைட்டர் என்ற தாய்லாந்து மீன், மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். அதனால்தான் கடையில் சின்னப் பாட்டிலில் உயிரோடு இருக்கிறது. அதற்காகப் பாட்டில் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஆண்கள் இரண்டைச் சேர்த்து விட்டால் கிழித்துக்கொள்ளும். நம்மூர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இப்படிக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சாகிப் பெரிய விவாதமானது. எவ்வளவு உயரம் ஏறியது என்று இன்றும் சண்டை போடலாம்.

எந்த மீன் வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் குளியலறைக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? சோப்பு நுரைக்க அடம் பிடிக்கிறதா? அப்படியென்றால் கடினநீர். நம் ஊர்களில் போர் தண்ணீர் பலவும் இப்படித்தான், பி.எச்.சும் பெரும்பாலும் 7-க்கு மேலே இருக்கும். நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ராவைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். ஆனால் அது அமேசான் காட்டு ஓடைகளின் மீன். அமிலத்தன்மையுள்ள மென்னீர்தான் அதன் ஊர்த் தண்ணீர். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் கடினநீர்தான் பிடிக்கும். மோலி கடல் நீரைக்கூடப் பழகிக்கொள்ளும். மருந்து ஊற்றித் தண்ணீரை மாற்றுவதைவிட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது சுலபம், செலவும் குறைவு. மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓடவிடுங்கள், அல்லது கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

கப்பியில் ஒரு எச்சரிக்கை. அது முட்டையிடாது, குட்டி போடும். மாதம் ஒரு முறை. ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் தொடர்ந்து குட்டி போடும். ஒரே ஒரு பெண் கப்பி போதும், உங்கள் கணக்கெல்லாம் தவிடுபொடி! ஆணாக ஐந்து வாங்குங்கள். ஆணுக்குத்தான் வாலில் அத்தனை நிறமும்.

கூடவே ஆறு ஜீப்ரா டேனியோ. உடம்பில் நீலக் கோடுகள் ஓடும் இந்த மீனை ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் கங்கைச் சமவெளி மீன்களைப் பற்றிய நூலில் விவரித்தார். வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் வாழும் மீன் இது. இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. 2013-இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுமையாக வெளியானபோது, மனிதரின் மரபணுக்களில் 70 சதவீதத்துக்கு இதனிடம் இணை இருப்பது தெரிந்தது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஒன்று இரண்டாக வாங்கினால் மிரண்டுபோகும். முதலில் இந்த ஆறு மட்டும். கப்பிகள் இரண்டு வாரம் கழித்து. இருக்கும் பாக்டீரியா ஆறு மீனின் கழிவுக்குப் பழகிப் பெருகட்டும்.

கடைக்காரர் கவரில் ஆக்சிஜன் நிரப்பி ரப்பர் பேண்டு போட்டுத் தருவார். வீட்டுக்கு வரும் வழியில் அதற்குள் ஒரு வேதியியல் நடக்கிறது. மீன் அம்மோனியாவை விடுகிறது. கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. கார்பன் டை ஆக்சைடு கரைந்து பி.எச்.சைக் குறைப்பதால், அம்மோனியா கெடுதலில்லாத அம்மோனியமாகவே அடங்கியிருக்கிறது. கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் நஞ்சாக மாறத் தொடங்கும். அதனால் வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்த கவரைக் கட்டு அவிழ்க்காமலே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள், வெப்பம் ஒன்றாகட்டும். அவிழ்த்தபின் தாமதிக்காமல் மீனை வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, கவர்த் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள்.

அன்று ராத்திரி தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம். மறுநாள் முதல் ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். முதல் வாரம் தினமும் அம்மோனியாவைச் சோதியுங்கள். மஞ்சளாக இருந்தால் சும்மா இருங்கள். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் சேரும் நைட்ரேட் போய்விடும். லேசாகப் பச்சை தெரிந்தால் அன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றி, ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். பட்டினி கிடக்கிறதே என்று பாட்டி கவலைப்படுவார். ஆரோக்கியமான மீன் ஒரு நாள் என்ன, இரண்டு மூன்று நாள்கூடத் தாங்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, தீனி டப்பாவைக் குட்டிப்பயலுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.